அரக்குப் புடவை காப்பித்தூள் நிறத்தில் தெரிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: கும்பகோணத்தில் மூன்று தலைமுறையாகப் பட்டு ஜவுளிக்கடை நடத்துகிறோம். தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி என்று மொத்தம் 7,500 சதுர அடியில் புதுக்கடை கட்டிவருகிறோம். பூச்சு வேலை முடியும் கட்டத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் ஏசி டக்ட், பிறகு ஃபால்ஸ் சீலிங். எங்களுக்கு வழக்கமாக எலெக்ட்ரிக்கல் சாமான் கொடுப்பவர் இலவசமாகவே லைட் லே-அவுட் போட்டுக் கொடுத்துவிட்டார்: 36 வாட் பேனல் 180, 15 வாட் டவுன்லைட் 232. ஆர்க்கிடெக்ட்டோ, 'தனியாக ஒரு லைட்டிங் டிசைனரை வைத்துக்கொள்ளுங்கள்' என்கிறார். சென்னையில் ஒருவரிடம் கேட்டோம். கட்டணம் மட்டும் நாலரை லட்சம், விளக்குக்கு விலை தனி. 'லைட்டை எங்கே மாட்டணும்னு சொல்றதுக்கு நாலரை லட்சமா? நாப்பது வருஷமா நம்ம எலெக்ட்ரீஷியன்தானே மாட்டினார்' என்கிறார் அப்பா. இது தேவையா, வெட்டிச் செலவா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா கேட்பது நியாயம்தான். நீங்கள் கட்டுவது ஒரு ஹார்டுவேர் கடையாகவோ குடோனாகவோ இருந்திருந்தால், 'அப்பா சொல்படி கேளுங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இந்தத் தொழிலில் இருபத்தைந்து வருடமாக இருக்கிற நானே, இரண்டு பெட்ரூம் வீடு கட்டுகிறவர்களிடம் 'தனி டிசைனர் வேண்டாம், இரண்டு மணி நேர ஆலோசனை போதும்' என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். உங்கள் விஷயம் வேறு. உங்கள் கடையில் வாடிக்கையாளர் விலை கொடுப்பது முக்கால்வாசி நிறத்துக்கு. அந்த நிறத்தை அவர் கண்ணில் காட்டுவது விளக்கு.

பழைய கடையில் தினமும் நடக்கும் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு அம்மா அரைமணி நேரம் பார்த்து ஒரு புடவையைத் தேர்ந்தெடுக்கிறார். பில் போடும் முன், 'கொஞ்சம் வெளியில வெச்சுப் பாத்துக்கறேன்' என்று வாசலுக்கு எடுத்துப் போகிறார். கூடவே ஒரு பையன் ஓடுகிறான். வெயிலில் பார்த்துவிட்டு, 'உள்ள பாத்தப்ப வேற மாதிரி இருந்துச்சே' என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். உங்கள் நெசவாளர் மீதும் தப்பில்லை, சாயம் போட்டவர் மீதும் தப்பில்லை. எத்தனை விற்பனை இப்படி வாசலில் கலைகிறது என்று எந்தக் கணக்குப் பிள்ளையும் எழுதி வைப்பதில்லை.

இதற்குக் காரணம் விளக்குக்கு உள்ளேயே இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை எல்இடி என்பது உண்மையில் ஒரு நீல எல்இடி. அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் ஒரு பூச்சைப் பூசியிருப்பார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பை உங்கள் அரக்குப் புடவை எங்கிருந்து திருப்பி அனுப்பும்? காப்பித்தூள் மாதிரிதான் தெரியும். குங்குமச் சிவப்பு செங்கல்லாகும். கலியாணப் பட்டில் பாதிக்கு மேல் சிவப்புக் குடும்பம்தானே!

சாமான்காரர் 'சிஆர்ஐ எண்பதுக்கு மேல சார், நல்ல ஐட்டம்' என்று சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. சிஆர்ஐ என்பது விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூறுக்குப் போடும் மார்க். ஆனால் அது எட்டு வெளிறிய நிறங்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது நிறம். அதை 'ஆர்9' என்பார்கள். அது அந்தச் சராசரியில் சேராது. பையன் மொத்தத்தில் எண்பது வாங்கிவிட்டு, கணக்கை வேறு தாளில் எழுதி அதில் பூஜ்யத்தை ஒட்டி நிற்பது மாதிரி. சிஆர்ஐ 80 போட்ட விளக்கில் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பது சர்வசாதாரணம். பட்டுக்கடைக்கு நான் சிஆர்ஐ 95-க்கும் ஆர்9 80-க்கும் கீழே எதையும் ஒப்புக்கொள்வதில்லை. சிவப்பைக் கூட்டச் சேர்க்கும் பூச்சால் வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சம் கொஞ்சம் குறையும், விலையும் ஏறும். அதனால்தான் கடைக்காரர் தானாக அதை எடுத்துக் காட்டமாட்டார்.

வேட்டிப் பிரிவில் இதற்கு நேர்மாறான வம்பு ஒன்று உண்டு. வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிய மில்லில் ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் ஊதா ஒளியையும் வாங்கிக்கொண்டு நீலமாக வெளியிடும். வெயிலில் வேட்டி 'வெள்ளைவெளேர்' என்று இருப்பது அதனால்தான். சாதாரண எல்இடியில் அந்த ஊதாப் பகுதியே கிடையாது. புத்தம்புது வேட்டி லேசாகப் பழுப்பேறியது போலக் கிடக்கும். ஊதா சிப் (ஒளி பிறக்கும் துணுக்கு) வைத்த எல்இடி தனியாக வருகிறது. அதை வேட்டி அலமாரிக்கு மட்டும் போட்டால் போதும், கடை முழுக்கப் போடுவது வீண்.

மேட்சிங் பிளவுஸ் தலைவலியும் உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு வேறு சாயங்களில் தோய்த்த துணிகள் ஒரு விளக்கடியில் ஒரே நிறமாகத் தெரியும், இன்னொரு விளக்கடியில் பிரிந்துவிடும். 'கடையில சேந்து இருந்துச்சு, மண்டபத்துல தனியா தெரியுது' என்று வந்து சண்டை போடுவார்களே, அந்தக் கதை.

மயில்கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். துணியை அசைக்க அசைக்க ஒன்று மறைந்து மற்றொன்று எழும்ப வேண்டும். அதற்கு ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்து விழ வேண்டும். உங்கள் லே-அவுட்டில் உள்ள 180 பேனலும் மேலிருந்து சீராகக் கொட்டும் வெளிச்சம், மேகமூட்டமான பகல் மாதிரி. அதன் அடியில் மயில்கழுத்து ஏதோ ஒரு பச்சையாகச் செத்துப் போய்க் கிடக்கும். ஜரிகையும் அப்படியே. சிறிய கூர்மையான ஒளிமூலம் ஒன்று மேலே இருந்தால்தான் ஜரிகையில் மினுக்கல் பிறக்கும். வெளிச்சத்தின் சாயலைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்வார்கள்; எண் ஏறினால் நீலம் தட்டும், இறங்கினால் மஞ்சள் தட்டும். அதிலும் 6500 கெல்வின் 'கூல் வொயிட்' போட்டால் தங்கமுலாம் வெளிறி வெள்ளி மாதிரி ஆகும். நம்மூர்க் கடைகளில் 'வெள்ளையா, பளீர்னு' என்று கேட்டு வாங்கி மாட்டுவது பெரும்பாலும் இதைத்தான். நான் பட்டு விரிக்கும் இடத்துக்கு 3500, 4000 என்று இறங்கி நிற்பேன். ஜரிகை கனத்த கலியாணப் பட்டுப் பகுதிக்கு 3000.

சரி, இவ்வளவையும் எலெக்ட்ரீஷியனிடமே சொல்லி நல்ல விளக்காக வாங்கி மாட்டிவிட்டால் போதாதா? போதாது. எந்த விளக்கு என்பது கால்வாசி வேலை. எங்கிருந்து, எந்தக் கோணத்தில், எவ்வளவு அகலத்தில் என்பதுதான் மிச்சம். ஒரு உதாரணம். புடவை விரிக்கும் மெத்தைக்கு இரண்டரை மீட்டர் மேலே ஒரு விளக்கு. அதன் ஒளி 24 டிகிரியில் விரிந்தால் மெத்தையில் மூன்றரை அடி வட்டம் விழும், ஏறக்குறைய ஒரு புடவையின் அகலம். அதே வாட், 60 டிகிரி என்றால் ஒன்பதரை அடி வட்டம். ஏழு மடங்குக்கு மேல் பரப்பில் அதே ஒளி நீர்த்துப்போகிறது. பெட்டியின் மேல் இரண்டிலும் '15 வாட்' என்றுதான் போட்டிருக்கும்.

அலமாரியிலும் இந்தத் தொல்லை உண்டு. ஏழடி ரேக்கை ஒட்டி மேலே டவுன்லைட் வைத்தால் மேல்தட்டு எரிக்கும், கீழ்த்தட்டு குகை. தூரம் மூன்று மடங்கானால் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இது பள்ளிக்கூடப் பௌதிகம். ரேக்கிலிருந்து மூன்றடி தள்ளி, சுவரைக் குளிப்பாட்டுவது போல ஒளி விடும் வகை விளக்கைப் போட்டால் இது தீரும். ஆனால் அந்த மூன்றடியில் ஏசி டக்ட் ஓடினால்? அதனால்தான் தேதியை அழுத்திச் சொல்கிறேன். டிசைனரைக் கூப்பிடுவதாக இருந்தால் இந்த வாரம் கூப்பிடுங்கள். டக்ட் ஏறி, ஜிப்சம் போர்டு மூடியபின் வருகிறவர் ஓட்டை இருக்கும் இடத்தில் எதை மாட்டலாம் என்று மட்டும்தான் சொல்வார். அதற்கு நாலரை லட்சம் அதிகம்தான்.

உங்கள் லே-அவுட் படத்தை நன்றாகப் பாருங்கள். விளக்குகள் எல்லாம் சதுரங்கப் பலகை மாதிரி சம இடைவெளியில் இருக்கும். மென்பொருளில் அறையின் நீள அகலத்தைக் கொடுத்து, தரைமட்டத்துக்குச் சீரான வெளிச்சம் கேட்டால் அதுதான் வரும். தரை டைல்ஸ் ஜோராகத் தெரியும். நீங்கள் டைல்ஸ் விற்கவில்லையே! கண் ஒரு கடையை 'வெளிச்சமாக இருக்கிறது' என்று முடிவு செய்வது எதிரே நிற்கும் சுவரையும் ரேக்கையும் பார்த்துத்தான். இலவச லே-அவுட் போட்டவர் கெட்டவர் என்றும் நான் சொல்லவில்லை. அவருக்கு வருமானம் ஃபிட்டிங் எண்ணிக்கையில். எண்ணிக்கையைக் குறைக்கும் யோசனை அவர் வாயிலிருந்து வருவது கஷ்டம்.

விளக்கே விற்காமல், ஒளியை வடிவமைப்பதை மட்டும் தொழிலாகச் செய்வது அமெரிக்காவில் வேரூன்றிய வழக்கம். சர்வதேச லைட்டிங் டிசைனர்கள் சங்கம் 1969-ல் அங்கேதான் தொடங்கியது. அதற்கு முன்பே ரிச்சர்ட் கெல்லி என்ற மனிதர் பெரிய கட்டடக் கலைஞர்களோடு வேலை செய்துகொண்டிருந்தார். அந்தக் கலைஞர்களில் ஒருவரான பிலிப் ஜான்சன் 1949-ல் தனக்கென்று நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு வீடு கட்டினார். ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டால் கண்ணாடியெல்லாம் கறுப்புக் கண்ணாடியாகி, உள்ளே இருப்பவரின் முகத்தையே காட்டியது. கெல்லி வெளியே தோட்டத்தில் மரங்களுக்கும் புல்தரைக்கும் ஒளி கொடுத்து, உள்ளே வெளிச்சத்தை அடக்கினார். பிம்பம் மறைந்து தோட்டம் தெரிந்தது.

உங்கள் கண்ணாடி முகப்பில் இதன் தலைகீழ் கூத்து பகலில் நடக்கும். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) வரை போகும், கடைக்குள் நீங்கள் போடுவதோ 500, 800. தெருவில் நிற்பவருக்கு உங்கள் ஷோகேஸில் பொம்மை கட்டிய புடவை தெரியாது. எதிர்க்கடையும் நிற்கிற பைக்கும்தான் தெரியும். 'இன்னும் நாலு ஃபோகஸ் போடு' என்பார்கள். நாற்பது போட்டாலும் சூரியனோடு மல்லுக்கட்ட முடியாது. வெளியே ஆழமாக ஒரு சன்ஷேடோ பந்தலோ நீட்டிக் கண்ணாடி மேல் நிழல் விழச் செய்தால் பாதிப் பிரச்சினை போகும். 'இங்கே லைட் போடாதீர்கள்' என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் எங்களுக்குச் சம்பளம்.

முகப்பைப் பற்றி இன்னொன்று. கடை முகம் முழுவதும் ஏசிபி எனும் அலுமினியப் பலகை ஒட்டி மூடிவிடுவது இப்போது ஊருக்கு ஊர் வியாதியாகிவிட்டது. மூடும் முன் யோசியுங்கள். வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல் இருந்தால் அதன் பக்கத்தில் ஆறடிக்கு ஆறடி இடம் விட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் வைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் புடவையை வாசலுக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை, 'இங்க வந்து பாருங்கம்மா, பகல் வெளிச்சம்' என்று நீங்களே அழைத்துப் போகலாம். வடக்கு வெளிச்சம் வெயில்போல மாறாது. இதற்கு மின்சாரச் செலவும் இல்லை.

நானும் தப்புச் செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கடையில் ஃபோகஸ் விளக்கையெல்லாம் வாடிக்கையாளர் உட்காரும் வரிசைக்கு நேர்மேலே வைத்துவிட்டேன். படத்தில் அழகாக இருந்தது. திறப்பு விழாவன்று பெண்கள் ஆவலாகக் குனிந்து பார்க்க, அவரவர் தலை நிழல் அவரவர் புடவை மேலேயே விழுந்தது. அதிலிருந்து, காகிதத்தில் முடிவு செய்யும் முன் ஒரு ஸ்டூலில் ஆளை உட்கார வைத்து மேலே ஏணியில் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிடுகிறேன். முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் அப்படித்தான். தலைக்கு மேல் டவுன்லைட் இருந்தால் கண்ணுக்குக் கீழே குழி விழும். தோளில் போட்ட புடவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், தன் முகம் வாடித் தெரிந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் செங்குத்தாக ஒளி வேண்டும்.

இன்னொரு ஊரில் நடந்தது இதைவிட மோசம். கடைப் பெயர் வேண்டாம். சிஆர்ஐ 95 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வாங்கிப் போட்டவர் அதே உருவம், அதே வாட், உள்ளே வேறு சிப் வைத்த சாமானை இறக்கிவிட்டார். கண்டுபிடித்தது நானில்லை, முதலாளியின் தாயார். எழுபத்தைந்து வயது. ஒரு அரக்குப் புடவையைக் கையில் எடுத்துப் பார்த்து, 'என்னப்பா, சாயம் மாத்திட்டாங்களா?' என்றார். தொண்ணூறு விளக்கை இறக்கி மாற்றினோம். சாமான் இறங்கும்போது சோதிக்கும் வேலை என் ஒப்பந்தத்திலேயே இல்லை, அது என் குறை. அன்றிலிருந்து என் பையில் ஒரு முழம் அரக்குப் பட்டும் கைக்குட்டை அளவு வேட்டித் துணியும் கிடக்கின்றன. அளக்கும் மீட்டரும் இருக்கிறது, ஆனால் முதலாளிகள் நம்புவது துணியைத்தான்.

ஆகவே, கட்டணம் பேசும்போது அந்தச் சென்னைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: சாமான் வந்திறங்கும் நாளில் நேரில் வந்து சோதிப்பாரா? 'இது இல்லை, அதற்குச் சமமானது' என்று யாராவது மாற்றினால் தன் கையெழுத்தில்லாமல் ஏற்கமாட்டேன் என்று எழுதித் தருவாரா? கடைசியில் ராத்திரியில் வந்து ஒவ்வொரு ஃபோகஸையும் திருப்பி வைத்துவிட்டுப் போவாரா? எத்தனை ராத்திரி? விளக்குக் கம்பெனியிடம் கமிஷன் வாங்குவாரா என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். வாங்குகிறவர் என்றால் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் இலவச லே-அவுட்டே லாபம். அவர் செய்த பழைய கடை ஒன்றின் விலாசம் வாங்கி, சாயங்காலம் ஏழு மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள். போட்டோவை நம்பாதீர்கள், போட்டோவில் எல்லாக் கடையும் அழகு. மூன்று வருடம் ஆன கடையாக இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை விளக்கு அணைந்து கிடக்கிறது, மாற்றியவை பக்கத்து விளக்கோடு நிறம் ஒத்துப் போகிறதா என்று தெரியும். எல்இடியில் முதலில் சாவது பெரும்பாலும் சிப் இல்லை, சீலிங்குக்கு மேல் சூட்டில் வெந்துகொண்டிருக்கும் டிரைவர், அதாவது விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி. சீலிங்கை உடைக்காமல் அதை எடுக்க வழி வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

நீங்கள் இப்போது வாட்ஸ்அப் வீடியோவில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் புடவை காட்டுகிறீர்களா? மலிவான டிரைவர் போட்டால் விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வீடியோவில் புடவை மேல் கறுப்புப் பட்டைகள் ஓடும். போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து விளக்கைப் படம் பிடித்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாகப் பணக் கணக்கு. உங்கள் லே-அவுட்டைக் கூட்டினால் 9,960 வாட், அதாவது பத்து கிலோவாட். இதே பரப்பை ஆறில் முடிக்கலாம் என்பது என் அனுபவம். மிச்சம் நாலு கிலோவாட். நாளைக்கு 12 மணி நேரம், வருடத்துக்கு 360 நாள் என்றால் 17,280 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால் 1,72,800 ரூபாய். அந்த நாலு கிலோவாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும், அதை வெளியேற்ற ஒரு டன்னுக்கு மேல் ஏசி வேண்டும். அந்தக் கரண்டையும் சேர்த்தால் இரண்டே வருடத்தில் கட்டணம் கழிந்துவிடும். அப்பாவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் நானாக இருந்தால் சொல்லமாட்டேன். கரண்ட் மிச்சத்துக்காக டிசைனர் வைத்தால், விலை பேசும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த 95 சிஆர்ஐ விளக்குதான். பிறகு எதற்கு இந்தப் பாடு?

முழுக்கட்டணத்துக்கு அப்பா இசையவில்லை என்றால் நடுவழி ஒன்று உண்டு. தரைத்தளமும் கலியாணப் பட்டுத் தளமும் மட்டும் டிசைனர் செய்யட்டும். மேல்மாடி, ஸ்டாக் ரூம், பில்லிங், படிக்கட்டு எல்லாம் உங்கள் எலெக்ட்ரீஷியனே பார்த்துக்கொள்ளலாம், டிசைனர் விளக்கு வகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். நாற்பது வருடம் உங்கள் கடை வயரிங்கைத் தெரிந்தவரை ஓரம் கட்டாதீர்கள். டிசைனர் வரும் முதல் நாள் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை. நாளை சாயங்காலம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தச் சாமான் கடைக்குப் போங்கள். அரக்கு ஒன்று, மயில்கழுத்து ஒன்று, எம்.எஸ். ப்ளூ ஒன்று, ஒரு புது வேட்டி. இலவச லே-அவுட்டில் சொன்ன அதே பேனலை எரியவிட்டு அடியில் விரித்துக் காட்டுங்கள். பக்கத்திலேயே சிஆர்ஐ 95 விளக்கு ஒன்றையும் எரியவிடச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டாம். பட்டை நாற்பது வருடம் கையில் தொட்ட மனிதருக்கு நானோ நீங்களோ விளக்க ஒன்றுமில்லை.

அடுத்த கடிதத்தில் கடை முகப்பு எந்தத் திசை பார்த்தது என்று எழுதுங்கள். அதை விட்டுவிட்டீர்கள்.